‘பொருந்தவில்லை’ என்கிறது விசென்டர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: விஎம்வேர் விஸ்பியர் கிளஸ்டரில் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் சர்வர்களின் கூட்டம்) சில ஹோஸ்ட்டுகள் (விஎம்கள் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்கள்) மட்டும் ‘நான்-கம்ப்ளையன்ட்’, அதாவது வரையறைக்குப் பொருந்தாதவை, என்று நிற்பது. அப்படிச் சொல்வது இவற்றை நிர்வகிக்கும் மென்பொருளான விசென்டர். பதில்கள் விஸ்பியர் 7, 8 பதிப்புகளுக்கு. மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: எங்களுடையது 12 ஹோஸ்ட் உள்ள கிளஸ்டர். அப்டேட்ஸ் பக்கத்தைத் திறந்தால் 4 ஹோஸ்ட்டுகளை ‘நான்-கம்ப்ளையன்ட்’ என்றும் ஒன்றை ‘இன்கம்பேட்டிபிள்’ என்றும் காட்டுகிறது. ஆனால் விஎம்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ‘ரிமீடியேட் ஆல்’ (எல்லா ஹோஸ்ட்டையும் சரிசெய்) பொத்தானை அழுத்தினால் போதுமா?

போதாது, இப்போதைக்கு அழுத்தவும் வேண்டாம்.

விஎம் ஓடுவதற்கும் இந்தக் குறிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கிளஸ்டருக்கென்று ஒரு இமேஜ் வரையறுத்திருப்பீர்கள்: இன்ன இஎஸ்எக்ஸ்ஐ (ஹோஸ்ட்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, இன்ன வெண்டர் ஆட்-ஆன் (சர்வர் தயாரிப்பாளரின் டிரைவர் தொகுப்பு), வேண்டுமானால் ஃபர்ம்வேர் ஆட்-ஆன், அதற்கு மேல் நீங்களே சேர்த்த காம்பொனென்ட்கள். விசென்டரின் லைஃப்சைக்கிள் மேனேஜர் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் இருப்பதை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்கிறது. வித்தியாசம் இருந்தால் சொல்கிறது, அவ்வளவுதான். தப்பு ஹோஸ்ட்டில் இருக்கிறதா, பட்டியலில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பல சமயம் பட்டியல்தான் தப்பு.

முதலில் ‘செக் கம்ப்ளையன்ஸ்’ ஒரு முறை ஓட்டுங்கள். இமேஜைத் திருத்திவிட்டுச் சோதனை ஓட்டாமல் விட்டிருந்தால் ‘அன்நோன்’ என்று வரும். அது பிரச்சினை இல்லை, இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். ‘நான்-கம்ப்ளையன்ட்’ என்றால் ஹோஸ்ட்டில் ஏதோ பழையதாக இருக்கிறது, அல்லது இல்லை, அல்லது பட்டியலில் இல்லாதது ஏறியிருக்கிறது. ரிமீடியேஷன் செய்தால் சரியாகக்கூடியது. ‘இன்கம்பேட்டிபிள்’ வேறு ரகம். இமேஜில் உள்ளதைவிடப் புதிய பதிப்பு ஹோஸ்ட்டில் இருக்கும், அல்லது அந்தப் பதிப்புக்கு ஹோஸ்ட்டின் ஹார்ட்வேரோ நினைவகமோ போதாது, அல்லது இரண்டு காம்பொனென்ட்களுக்குள் சார்பு முரண் இருக்கும். அதை எத்தனை முறை ரிமீடியேட் செய்தாலும் தீராது.

ஹோஸ்ட்டின் பெயரைச் சொடுக்கினால் வலப்பக்கம் ஒரு அட்டவணை வரும்: ஒரு பத்தியில் ஹோஸ்ட்டில் இருக்கும் பதிப்பு, இன்னொன்றில் இமேஜ் கேட்கும் பதிப்பு. நான்கு ஹோஸ்ட்டுக்கும் அந்த அட்டவணை ஒரே மாதிரி இருந்தால் காரணம் ஒன்றுதான். பெரும்பாலும் கடைசி பேட்ச் வேலை பாதியில் நின்றிருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தால் யாரோ ஹோஸ்ட் ஹோஸ்ட்டாகக் கைவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு வரிசை: விசென்டர் முதலில், ஹோஸ்ட் பிறகு. விசென்டரைவிட உயர்ந்த இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பை இமேஜில் வைக்க முடியாது. ‘ப்ரீ-செக்’ ஓட்டி, ஒரே ஒரு ஹோஸ்ட்டை ரிமீடியேட் செய்து, முக்கியமில்லாத சில விஎம்களை அதன்மேல் ஏற்றி ஒரு நாள் ஓட விடுங்கள். பேக்கப் ஓடும் ஓர் இரவு அதில் கட்டாயம் அடங்க வேண்டும். நெட்வொர்க் டிரைவர் கோளாறு பகலில் தெரியாமல் ராத்திரி பேக்கப்பில்தான் பல்லைக் காட்டும்.

கேள்வி: அந்த ‘இன்கம்பேட்டிபிள்’ எங்களுக்கும் வருகிறது. புதிதாக வாங்கிய சர்வரைக் கிளஸ்டரில் சேர்த்ததும் வந்தது. பழைய ஹோஸ்ட்டுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

புது சர்வரில் தயாரிப்பாளரின் சொந்த ஐஎஸ்ஓவிலிருந்து இஎஸ்எக்ஸ்ஐ ஏறி வந்திருக்கும். டெல், ஹெச்பிஇ, லெனோவோ மூவருமே அடிப்படை இஎஸ்எக்ஸ்ஐயோடு தங்கள் டிரைவர்களைச் சேர்த்து ஐஎஸ்ஓ தருகிறார்கள். உங்கள் இமேஜில் வெண்டர் ஆட்-ஆன் இல்லை, அல்லது ஆறு மாதப் பழையது. அதனால் ஹோஸ்ட்டில் இருக்கும் நெட்வொர்க் கார்டு டிரைவர் இமேஜில் இருப்பதைவிடப் புதியது. காம்பொனென்ட்டைக் கீழிறக்க லைஃப்சைக்கிள் மேனேஜர் மறுக்கிறது, மறுப்பதும் நியாயமே.

ஹோஸ்ட்டை இமேஜுக்கு இறக்காதீர்கள். இமேஜை ஹோஸ்ட்டுக்கு உயர்த்துங்கள். இமேஜைத் திருத்தி, அதே தயாரிப்பாளரின் புதிய வெண்டர் ஆட்-ஆனைத் தேர்ந்தெடுத்து, ‘வேலிடேட்’ செய்து சேமியுங்கள். உடனே பழைய ஹோஸ்ட்டுகள் எல்லாம் ‘நான்-கம்ப்ளையன்ட்’ ஆகும். பயப்பட வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான். அவற்றை வரிசையாக மேலேற்றுங்கள். ஒரே கிளஸ்டரில் இரண்டு தயாரிப்பாளர்களின் சர்வர்கள் கலந்திருந்தால் 7, 8 பதிப்புகளில் இந்தத் தலைவலி தீராது. ஓர் இமேஜில் ஒரு வெண்டர் ஆட்-ஆன்தான் இடம்பெறும். கிளஸ்டரைப் பிரித்துவிடுங்கள்.

டிரைவரை மாற்றும்போது ஃபர்ம்வேரையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஜோடி. ஹோஸ்ட்டின் ஷெல்லில் ‘விஎம்கேசிஹெச்டெவ் -எல்’ கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு எண்கள் வரும்: வெண்டர், டிவைஸ், சப்-வெண்டர், சப்-டிவைஸ். இன்டெல் எக்ஸ்710 கார்டு என்றால் முதல் இரண்டும் 8086, 1572 என்று இருக்கும். ஆனால் அதே கார்டை டெல் விற்றால் பின்னிரண்டு எண்கள் வேறு, ஹெச்பிஇ விற்றால் வேறு. கம்பேட்டிபிலிட்டி கைடில் நான்கையும் போட்டுத் தேடினால்தான் எந்த டிரைவருக்கு எந்த ஃபர்ம்வேர் என்ற சரியான வரி கிடைக்கும். கார்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடி, முதலில் வந்த வரியை எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு.

ஃபர்ம்வேரையும் விசென்டரிலிருந்தே ஏற்ற வேண்டும் என்றால் தயாரிப்பாளரின் ஹார்ட்வேர் சப்போர்ட் மேனேஜர் வேண்டும்: டெல்லுக்கு ஓப்பன்மேனேஜ், ஹெச்பிஇக்கு ஒன்வியூ, லெனோவோவுக்கு எக்ஸ்கிளாரிட்டி.

கேள்வி: பேஸ்லைனிலிருந்து (பேட்ச் பட்டியலோடு ஒப்பிடும் பழைய முறை) இமேஜுக்கு மாறப் போகிறோம். ‘தனித்து நிற்கும் விப்கள் நீக்கப்படும்’ (விப் என்பது இஎஸ்எக்ஸ்ஐயில் ஏறும் மென்பொருள் பொதி) என்று எச்சரிக்கை வருகிறது. மாறலாமா?

மாறத்தான் வேண்டும், பேஸ்லைன் முறை 8.0-விலேயே கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் இது ஒருவழிப் பாதை. இமேஜுக்கு மாறிய கிளஸ்டரை மறுபடி பேஸ்லைனுக்குத் திருப்ப முடியாது. புதுக் கிளஸ்டர் உருவாக்கி ஹோஸ்ட்டுகளை அங்கே நகர்த்துவதுதான் வழி. ஆகவே அந்த எச்சரிக்கையை வரி வரியாகப் படியுங்கள்.

ஹோஸ்ட்டில் ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ சாஃப்ட்வேர் விப் லிஸ்ட்’ ஓட்டினால் ஒவ்வொரு பொதிக்கும் பெயர், பதிப்பு, வெண்டர், அக்செப்டன்ஸ் லெவல், ஏற்றிய தேதி வரும். தேதியைப் பாருங்கள். இஎஸ்எக்ஸ்ஐ ஏறிய நாளில் வந்தவை ஒரு கூட்டமாக இருக்கும். வேறு தேதியில் தனியாக நிற்பவைதான் விசாரிக்க வேண்டியவை. பழைய பேக்கப் மென்பொருளின் ஏஜென்ட், எப்போதோ மாற்றிவிட்ட ஸ்டோரேஜின் மல்டிபாத் பிளகின், 6.5 காலத்து டிரைவர் மிச்சங்கள் இங்கேதான் மாட்டும். பயனில்லாதவை போகட்டும். பயனில் உள்ளது என்றால் அதன் தயாரிப்பாளரிடமிருந்து காம்பொனென்ட் வடிவிலான ஆஃப்லைன் பண்டிலை வாங்கி, டெப்போவில் (விசென்டரின் பேட்ச் கிடங்கு) இறக்குமதி செய்து, இமேஜில் சேர்த்துவிடுங்கள். வெறும் விப் கோப்பை இமேஜில் சேர்க்க முடியாது.

‘விஎம்வேர்-எஃப்டிஎம்’ என்று ஒன்று தெரியும். அது ஹெச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறு ஹோஸ்ட்டில் எழுப்பும் வசதி) ஏஜென்ட், விசென்டரே ஏற்றியது. கை வைக்காதீர்கள்.

அக்செப்டன்ஸ் லெவல் பத்தியில் ‘கம்யூனிட்டி சப்போர்ட்டட்’ என்று ஏதாவது இருந்தால் கூடுதல் கவனம். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் வசதி) போட்ட ஹோஸ்ட் அந்தப் பொதியோடு பூட் ஆகாது. பயாஸில் செக்யூர் பூட்டை ஆன் செய்வதற்கு முன்பே சோதித்துக்கொள்ள இஎஸ்எக்ஸ்ஐயிலேயே ‘செக்யூர்பூட் டாட் பிஒய்’ என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. ‘-சி’ போட்டு ஓட்டினால் முடியுமா, எந்தப் பொதி தடுக்கிறது என்று சொல்லிவிடும்.

6.5, 6.7 ஹோஸ்ட்டுகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: 7.0-வில் பழைய விஎம்கேலினக்ஸ் டிரைவர்கள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன. அந்த டிரைவரை மட்டுமே நம்பிய கார்டு மேலேற்றிய பிறகு காணாமல் போகும். மேனேஜ்மென்ட் கார்டே அதுவாக இருந்தால் ஹோஸ்ட்டையே பிணையத்தில் காணோம்.

கேள்வி: ரிமீடியேஷன் தொடங்கினால் மெயின்டெனன்ஸ் மோட் (ஹோஸ்ட்டைக் காலி செய்து பராமரிப்புக்கு ஒதுக்கும் நிலை) 2 சதவீதத்திலேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தோல்வி என்கிறது. எல்லா ஹோஸ்ட்டிலும் இல்லை, இரண்டில் மட்டும்.

ஹோஸ்ட்டைக் காலி செய்ய முடியவில்லை. ஏதோ ஒரு விஎம் நகர மறுக்கிறது. அந்த இரண்டு ஹோஸ்ட்டிலும் இன்னும் உட்கார்ந்திருக்கும் விஎம்களின் பட்டியலை எடுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அதன் செட்டிங்ஸில் சிடி டிரைவைப் பாருங்கள். ஹோஸ்ட்டின் சொந்த டிரைவோடோ, அந்த ஹோஸ்ட்டின் லோக்கல் டிஸ்க்கில் உள்ள ஐஎஸ்ஓவோடோ இணைந்திருந்தால் அதைத் துண்டித்தாலே நகர்ந்துவிடும். விஎம்வேர் டூல்ஸ் நிறுவும் வேலையை யாராவது தொடங்கி முடிக்காமல் விட்டிருந்தாலும் இதே கதி. விஎம்மின் டிஸ்க்கே லோக்கல் டேட்டாஸ்டோரில் இருந்தால் டிஆர்எஸ் (விஎம்களை ஹோஸ்ட்டுகளுக்கிடையே பங்கிடும் வசதி) தானாக நகர்த்தாது. நீங்கள்தான் ஸ்டோரேஜோடு சேர்த்து நகர்த்த வேண்டும். பாஸ்-த்ரூ முறையில் கார்டு கொடுத்த விஎம் என்றால் அணைப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு அதன் உரிமையாளரிடம் நேரம் வாங்குங்கள்.

அடுத்து விதிகள். ‘இந்த விஎம் இந்த ஹோஸ்ட்டில்தான் ஓட வேண்டும்’ என்ற ‘மஸ்ட்’ விதியை டிஆர்எஸ் மீறாது. டேட்டாபேஸ் லைசென்ஸுக்காக இரண்டு ஹோஸ்ட்டுகளை மட்டும் ஒதுக்கி இப்படி விதி போட்டிருப்பார்கள். உங்கள் இரண்டு ஹோஸ்ட் கணக்கைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். விதியை ‘ஷுட்’ ஆக்குவதற்கு முன் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மூன்றே ஹோஸ்ட் உள்ள கிளஸ்டரில் மூன்று விஎம்கள் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்று விதி போட்டாலும் இப்படித்தான் முட்டும். ஒரு ஹோஸ்ட் வெளியேறினால் மூன்றாவது விஎம் எங்கே போகும்?

ஹெச்ஏ அட்மிஷன் கண்ட்ரோலும் (ஹோஸ்ட் விழுந்தால் தேவைப்படும் இடத்தை ஒதுக்கி வைக்கும் கட்டுப்பாடு) தடுக்கும். ரிமீடியேஷன் செட்டிங்ஸிலேயே அதைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் மீதி ஹோஸ்ட்டுகளில் நினைவகம் போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

விஎம்மில் குறை ஒன்றும் இல்லையென்றால் விமோஷன் (ஓடும் விஎம்மை நகர்த்தும் வசதி) நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள். ஜம்போ ஃபிரேம் (9000 பைட் அளவுப் பொட்டலம்) போட்ட கிளஸ்டர் என்றால் விஎம்கேபிங்கில் துண்டாக்காதே என்ற ‘-டி’யோடு அளவை 8972 என்று கொடுத்து எதிர் ஹோஸ்ட்டின் விமோஷன் முகவரிக்கு அனுப்புங்கள். 9000-ல் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 பைட் போக மீதி அதுதான். இது போகாமல் சாதாரண பிங் மட்டும் போனால் இடையில் ஏதோ ஒரு சுவிட்ச் போர்ட்டில் எம்டியு (பொட்டலத்தின் உச்ச அளவு) 1500-ஆக இருக்கிறது. இன்னொரு சாத்தியம், புதிய சிபியு ஹோஸ்ட்டில் பூட் ஆன விஎம் பழைய சிபியு ஹோஸ்ட்டுக்கு இறங்காது. ஈவிசி (எல்லா சிபியுக்களையும் ஒரே மட்டமாகக் காட்டும் அமைப்பு) போடாத கிளஸ்டரில் இது கட்டாயம் ஒரு நாள் வரும்.

விசான் (ஹோஸ்ட்டுகளின் டிஸ்க்குகளையே பொது ஸ்டோரேஜாக்கும் முறை) கிளஸ்டர் என்றால் ஒரு வார்த்தை. மெயின்டெனன்ஸ் மோடில் ‘என்ஷூர் ஆக்சஸிபிலிட்டி’ தேர்ந்தெடுத்தால் டேட்டா முழுதும் நகராது. 60 நிமிடத்துக்குள் ஹோஸ்ட் திரும்பி வரும் என்று விசான் காத்திருக்கும். ஃபர்ம்வேரும் சேர்த்து ஏற்றினால் சில சர்வர்கள் அந்த நேரத்தைத் தாண்டும். தாண்டியதும் மறுகட்டுமானம் தொடங்கி ஸ்டோரேஜ் திணறும். அப்படிப்பட்ட நாளில் ரிப்பேர் டிலே டைமரை முன்கூட்டியே உயர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் 60-க்கே திருப்புங்கள். ஒரு ஹோஸ்ட்டின் ரீசிங்க் (டேட்டா ஒத்திசைவு) பூஜ்யத்துக்கு வராமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஹோஸ்ட். பேட்ச் ஏற்றினால் ‘கம்ப்ளையன்ட்’ ஆகிறது. அடுத்த ரீபூட்டில் பழைய பதிப்புக்கே போய்விடுகிறது. மூன்று முறை செய்தாகிவிட்டது.

நான்காவது முறை செய்ய வேண்டாம். இந்த ஹோஸ்ட் எஸ்டி கார்டிலிருந்தோ யுஎஸ்பியிலிருந்தோ பூட் ஆகிறதா? எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து ‘எல்எஸ் -எல் /’ அடித்து, பூட்பேங்க் (இஎஸ்எக்ஸ்ஐ பூட் ஆகும் பகுதி) என்ற வரியில் அம்புக்குறி எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். ‘/விஎம்எஃப்எஸ்/வால்யூம்ஸ்/’ என்று தொடங்கி நீளமான ஓர் அடையாள எண்ணில் முடிந்தால் நல்லது. ‘/டெம்ப்’ என்று காட்டினால் நோய் அதுதான். பூட் சாதனம் கையைவிட்டுப் போய்விட்டது. ஹோஸ்ட் நினைவகத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்ச் நினைவகத்தில் எழுதப்பட்டது, ரீபூட்டில் ஆவியானது. பேட்ச் மட்டுமல்ல, நீங்கள் செய்த செட்டிங் மாற்றங்களும் அப்படியே போயிருக்கும்.

7.0-வில் பார்ட்டிஷன் அமைப்பு மாறி, சிஸ்டம் பகுதியில் எழுத்து வேலை கூடிவிட்டது. மலிவு எஸ்டி கார்டு தாங்காது. தீர்வு கார்டை மாற்றுவதல்ல, சாதனத்தையே மாற்றுவது: ரெய்டு 1-ல் இரண்டு சிறிய எம்.2 எஸ்எஸ்டி. எஸ்எஸ்டிக்குக் குறைந்தபட்சம் 32 ஜிபி வேண்டும் என்பது விதி. வாங்குவதை 128 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். மாற்றுவதற்கு முன் ‘விம்-சிஎம்டி’ மூலம் கான்ஃபிக் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஏற்றும்போது பில்ட் எண் அதேயாக இருக்க வேண்டும், ஒரு எண் மாறினாலும் ஏற்காது. டிபிஎம் சிப் உள்ள சர்வர் என்றால் என்கிரிப்ஷன் ரெகவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்பேங்க் சரியாக இருந்தும் செட்டிங் மட்டும் மறைகிறது என்றால் காரணம் சின்னது. இஎஸ்எக்ஸ்ஐ தன் அமைப்புகளை டிஸ்க்கில் சேமிப்பது மணிக்கு ஒரு முறைதான். அதற்கிடையில் மின்சாரம் போனால் கடைசி மாற்றம் போச்சு. முக்கியமான மாற்றம் செய்த கையோடு ‘ஆட்டோ-பேக்கப்’ ஸ்கிரிப்ட்டை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: இமேஜ் அளவில் எல்லா ஹோஸ்ட்டும் ‘கம்ப்ளையன்ட்’. ஆனால் ஆடிட்டர் ஏழு ஹோஸ்ட்டுகள் விதிக்குப் பொருந்தவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும். இமேஜ் பார்ப்பது மென்பொருள் பதிப்பை. ஆடிட்டர் பார்ப்பது அமைப்புகளை. என்டிபி எங்கே காட்டுகிறது, எஸ்எஸ்ஹெச் திறந்திருக்கிறதா, லாக் எந்த சர்வருக்குப் போகிறது, லாக்டவுன் மோட் உண்டா என்பதெல்லாம் இமேஜில் வராது.

இதற்குப் பழைய வழி ஹோஸ்ட் ப்ரொஃபைல்: ஒழுங்காக அமைத்த ஒரு ஹோஸ்ட்டிலிருந்து ப்ரொஃபைலை எடுத்து மற்றவற்றோடு இணைத்து ஒப்பிடுவது. எடுத்த கையோடு ஓட்டினால் எல்லா ஹோஸ்ட்டும் பொருந்தாது என்றுதான் வரும். ஏனென்றால் மூல ஹோஸ்ட்டின் லோக்கல் டிஸ்க் அடையாளம், ஸ்டோரேஜ் பாதை விவரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தக் கிளைகளின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஐபி முகவரி போன்று ஹோஸ்ட்டுக்கு ஹோஸ்ட் மாறுபவற்றைக் கஸ்டமைசேஷனில் கொடுங்கள். 8.0 அப்டேட் 1 முதல் கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல்ஸ் முழுமையாக வந்துவிட்டது. கிளஸ்டருக்கே ஒரு ஜேசான் ஆவணம். மாறுபடுவதை மட்டும் எழுதினால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலேயே தொடங்குங்கள். 8.0 அப்டேட் 3-க்கு முந்தைய பதிப்பு என்றால் கிளஸ்டர் இமேஜ் முறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆடிட்டர் சொல்லாவிட்டாலும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, எஸ்எல்பி சேவை (பிணையத்தில் உள்ள சேவைகளைக் கண்டறிய உதவுவது). 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் ரான்சம்வேர் பரவியபோது, 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்ட, எஸ்எல்பியின் 427 போர்ட் ஓட்டையோடு அது இணைத்துப் பேசப்பட்டது. 7.0 அப்டேட் 2சி முதல் எஸ்எல்பி இயல்பாகவே நிறுத்தப்பட்டு வருகிறது. பழைய ஹோஸ்ட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு, ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்த்த ஹோஸ்ட்டுகள். டொமைனில் ‘இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்’ என்று ஒரு குழுவை உருவாக்கினால் அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஹோஸ்ட்டுக்கு நிர்வாகி ஆகிவிடுவார்கள். 2024-ல் ரான்சம்வேர் கும்பல்கள் இதைப் பயன்படுத்தியது வெளிவந்தது. 8.0 அப்டேட் 3-ல் இயல்பு நிலை மாற்றப்பட்டது. அதற்குக் கீழே இருக்கும் ஹோஸ்ட்டுகளில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘இஎஸ்எக்ஸ்அட்மின்ஸ்குரூப்ஆட்டோஆட்’ என்று முடியும் அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

கேள்வி: எங்களுடையது ஹைப்பர்-வி, சிஸ்டம் சென்டர் விஎம்எம். லாஜிக்கல் சுவிட்ச் ‘நாட் கம்ப்ளையன்ட்’ என்கிறது.

யாரோ ஹைப்பர்-வி மேனேஜரிலோ பவர்ஷெல்லிலோ நேரடியாக ஹோஸ்ட்டின் சுவிட்ச்சை மாற்றியிருக்கிறார்கள். ஃபேப்ரிக் பகுதியில் லாஜிக்கல் சுவிட்சஸைத் தேர்ந்து ஹோஸ்ட்ஸ் பார்வைக்குப் போனால் எந்த ஹோஸ்ட், என்ன பிழை என்று காட்டும். அங்கேயே ‘ரிமீடியேட்’ இருக்கிறது. நெட்வொர்க் ஒரு கணம் அசையும், அதனால் ஹோஸ்ட்டைக் காலி செய்துவிட்டு அழுத்துங்கள். பேட்ச் விஷயம் தனி: டபிள்யூசஸ் (மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் விநியோக சேவை) சர்வரைச் சேர்த்து, பேஸ்லைன் ஒதுக்கி, ஸ்கேன் செய்து ரிமீடியேட் செய்தால், கிளஸ்டரில் ஒவ்வொரு ஹோஸ்ட்டாக விஎம்களை லைவ் மைக்ரேட் செய்துகொண்டே போகும். குரூப் பாலிசி வழியாகத் தானியங்கி அப்டேட்டும் அதே ஹோஸ்ட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் மோதினால் நடுப்பகலில் ரீபூட்.

கேள்வி: 300 ஹோஸ்ட், ஒன்பது விசென்டர். ஒவ்வொன்றாகச் சொடுக்க முடியாது. 2025 மார்ச் பேட்ச் எங்கே ஏறவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பவர்சிஎல்ஐயில் (விஎம்வேரின் கட்டளைக் கருவி) எல்லா விசென்டருக்கும் இணைந்து, கெட்-விஎம்ஹோஸ்ட் கொடுத்து, பெயர், பதிப்பு, பில்ட் மூன்றையும் சிஎஸ்வியாக எடுங்கள். பதிப்புப் பத்தியை நம்பாதீர்கள். 8.0 அப்டேட் 3-ன் முதல் வெளியீடும், மார்ச் பேட்ச்சும் இரண்டுமே 8.0.3 என்றுதான் காட்டும். பில்ட்டைப் பாருங்கள்: முதல் வெளியீடு 24022510, மார்ச் பேட்ச் 24585383. 7.0 அப்டேட் 3 வரிசையில் 24585291. அந்தந்த வரிசையில் இந்த எண்ணைவிடக் குறைவாக இருப்பவைதான் உங்கள் பட்டியல். விஎம்முக்குள்ளிருந்து ஹோஸ்ட்டுக்குத் தாவ வழி தந்த, வெளியானபோதே தாக்குதலில் இருந்த ஓட்டைகளை அடைப்பது மார்ச் பேட்ச், தள்ளிப்போடுவதற்கில்லை. ‘டிஸ்கனெக்டட்’ என்று நிற்கும் ஹோஸ்ட்டுகளின் எண் விசென்டர் கடைசியாகப் பார்த்தது. அவற்றைத் தனியாகப் பிரித்து நேரில் சோதியுங்கள்.

டெப்போவிலிருந்து புதிய பேட்ச்சே இறங்கவில்லை என்றால், 2025 ஏப்ரலோடு பழைய பதிவிறக்க முகவரிகள் நின்றுவிட்டதை மறந்திருப்பீர்கள். விஎம்வேரை வாங்கிய பிராட்காமின் தளத்தில் உங்கள் கணக்குக்கான டோக்கனை எடுத்து ஒவ்வொரு விசென்டரிலும் முகவரியை மாற்றுங்கள். விசென்டரில் பேட்ச் இருந்தும் ஹோஸ்ட்டுக்கு மட்டும் இறங்கவில்லை என்றால், ஹோஸ்ட்டிலிருந்து விசென்டருக்கு 9084 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.